வெள்ளைச் சுவர்களுக்குப் பின்னால்



இன்றைய பேச்சில் நாம் எல்லாரும் சேர்ந்து ஒரு நாள் பயணம் போகப் போகிறோம். கடப்பிதழும் வேண்டாம், கட்டுச்சோறும் வேண்டாம். வீட்டில் பிள்ளைகளின் உலகப்படம் இருந்தால் அதை மட்டும் எடுத்து விரித்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாக் கண்டத்தின் தென்மேற்கு மூலையில் ஸ்பெயின் நாடு இருக்கிறது. அந்த நாட்டின் தென்பகுதிக்கு அந்தலூசியா என்று பெயர். அங்கே காடிஸ், மாலகா என்ற இரண்டு மாநிலங்கள் சேரும் இடத்தில் ஒரு மலைத்தொடர் உண்டு. அந்த மலைகளின் உச்சியிலும் சரிவிலும் பாறை இடுக்கிலும் சின்னச் சின்ன ஊர்கள். ஓர் ஊர் விடாமல் எல்லா வீடுகளுக்கும் வெள்ளை அடித்திருப்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் மலையின்மேல் யாரோ பச்சரிசியைக் கொட்டி வைத்ததுபோல் இருக்கும். அந்நாட்டவர் இவற்றை 'வெள்ளை ஊர்கள்' என்றே அழைக்கிறார்கள்.

காலையில் காரில் புறப்பட்டால் பொழுது சாய்வதற்குள் ஐந்து ஊர்களைப் பார்த்துவிடலாம். வெளிநாட்டுப் பயணிகள் அப்படித்தான் பார்க்கிறார்கள். படம் எடுத்துக்கொண்டு, காப்பி குடித்துவிட்டு, அடுத்த ஊருக்குப் போய்விடுகிறார்கள். நாம் அப்படிப் போக வேண்டாம். ஒவ்வோர் ஊரிலும் காரை நிறுத்தி ஒரே ஒரு கேள்வியைக் கேட்போம். இந்தச் சுவருக்கு வெள்ளை அடித்தவர் யார்? அவர் ஏன் இங்கே வந்து வாழ்ந்தார்? அதைக் கேட்டால் போதும், சரித்திரம் தானாகப் பேசத் தொடங்கும்.

முதல் ஊர் ரோந்தா. நகரத்தின் நடுவே பூமி வெடித்துப் பிளந்தாற்போல் ஒரு பெரும் பள்ளம். அதன் அடியில் குவாதலெவின் என்ற ஆறு ஓடுகிறது. இரு கரைகளையும் இணைக்கும் பாலம் 98 மீட்டர் உயரம். பெயர் 'புதுப்பாலம்', ஆனால் வேலை தொடங்கியது 1751ஆம் ஆண்டில், முடிந்தது 1793ஆம் ஆண்டில். அதற்கு முன்னர்க் கட்டப்பட்ட ஒரு பாலம் 1741ஆம் ஆண்டில் இடிந்து விழுந்து, ஏறக்குறைய 50 பேர் உயிரிழந்தனர்.

ரோந்தாவின் கதை பாலத்தைவிடப் பழையது. 711ஆம் ஆண்டில் வட ஆப்பிரிக்காவிலிருந்து தாரிக் என்ற தளபதியின் தலைமையில் முஸ்லிம் படை கடலைக் கடந்து ஸ்பெயினுக்கு வந்தது. அவர் கரையிறங்கிய மலையை அரபு மொழியில் 'ஜபல் தாரிக்', அதாவது தாரிக்கின் மலை என்றார்கள். அதுவே இன்று ஜிப்ரால்டர் என்று வழங்குகிறது. சில ஆண்டுகளுக்குள் நாட்டின் பெரும்பகுதி அவர்கள் வசமாயிற்று. பின்னர் வடக்கே இருந்த கிறிஸ்துவ அரசர்கள் பல நூற்றாண்டுகள் போரிட்டுத் தெற்கு நோக்கி முன்னேறினர். 1236ஆம் ஆண்டில் கோர்தோபாவும் 1248ஆம் ஆண்டில் செவில் நகரும் அவர்கள் கைக்கு வந்தன. மிஞ்சியது கிரனாடா என்ற ஒரு முஸ்லிம் அரசு மட்டுமே. அந்த அரசின் மேற்கு வாசலாக நின்றது ரோந்தா.

அன்று முதல் ஏறக்குறைய 250 ஆண்டுகள் இந்த மலைகள் இரண்டு அரசுகளின் எல்லையாக இருந்தன. இன்றும் இப்பகுதியில் பல ஊர்ப்பெயர்களின் பின்னால் 'தே லா ஃபிரொந்தேரா' என்று ஒரு வால் ஒட்டிக்கொண்டிருக்கும். 'எல்லைமேல் உள்ள ஊர்' என்பது அதன் பொருள். ஊர்கள் ஏன் தண்ணீருக்கும் வயலுக்கும் அருகில் இல்லாமல் பாறை உச்சியில் ஏறி உட்கார்ந்திருக்கின்றன என்பது இப்போது விளங்குகிறதல்லவா? கீழே குடியிருந்தால் இரவில் எதிரி வருவான். ஆடுமாடுகளோடு ஆட்களையும் பிடித்துப் போவான். வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்பதும், சந்துகள் வளைந்து வளைந்து போவதும் காவலுக்காகத்தான். இன்று கண்ணுக்கு அழகாகத் தெரிவது, அன்று பயத்தினால் கட்டப்பட்டது.

ரோந்தாவில் பாறையைக் குடைந்து ஆற்றுவரை இறங்கும் ஒரு படிக்கட்டு இருக்கிறது. முற்றுகைக் காலத்தில் ஊருக்குத் தண்ணீர் அந்த வழியாகத்தான் வந்தது. அதைத் தோற்பைகளில் சுமந்து ஏற்றியவர்கள் எல்லைப் போரில் பிடிபட்ட கிறிஸ்துவக் கைதிகள். 1485ஆம் ஆண்டில் கிறிஸ்துவப் படை ரோந்தாவை வளைத்தபோது முதலில் அந்தத் தண்ணீர் வழியை அடைத்தது. ஊர் பணிந்தது, கைதிகள் விடுபட்டனர். ஆனால் கொடுமை ஒரு பக்கத்துக்கு மட்டும் உரியதல்ல. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1487இல், மாலகா துறைமுகம் வீழ்ந்தபோது அந்நகரத்து முஸ்லிம் மக்களில் பெரும்பாலோர் அடிமைகளாக்கப்பட்டனர். எவர் வென்றாலும் சுமை சுமந்தவன் ஏழைதான்.

ரோந்தாவிலிருந்து வடக்கே அரை மணி நேரம் போனால் செத்தெனில். இங்கே பல வீடுகளுக்குத் தனியாகக் கூரை கிடையாது. ஆறு அரித்த பாறை குடைபோல் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, அதன் அடியில் முன்சுவரை மட்டும் எழுப்பி வெள்ளை அடித்துக் குடியிருக்கிறார்கள். மலையே கூரை, மலையே பின்சுவர். வெயில் காலத்தில் குளிர்ச்சி, குளிர்காலத்தில் கதகதப்பு. மரமும் ஓடும் வாங்க வழியில்லாதவர்கள் கண்ட உபாயம் இது. இந்த ஊரின் கோட்டை 1484ஆம் ஆண்டில் பீரங்கிகளுக்கு முன்னால் வீழ்ந்தது.

அடுத்து சஹாரா. ஆப்பிரிக்கப் பாலைவனம் அல்ல, அதே பெயரில் ஒரு மலையூர். உச்சியில் ஒற்றைக் கோபுரம், கீழே வெள்ளை வீடுகள், அதற்கும் கீழே 1990களில் அணை கட்டித் தேக்கிய நீலநிற ஏரி. 1481ஆம் ஆண்டு டிசம்பரில் ஓர் இரவு, கிரனாடா அரசர் அபுல் ஹசனின் படை சுவரேறி இந்தக் கோட்டையைப் பிடித்தது. கிறிஸ்துவர் வசம் இருந்த ஊர் அது. உயிர் பிழைத்தவர்களைக் கைதிகளாகக் கிரனாடாவுக்கு நடத்திச் சென்றார்கள். அந்தச் சிறு வெற்றி பெரும் போருக்கு வித்தாயிற்று. இசபெல்லா அரசியும் பெர்தினாந்து அரசரும் பத்து ஆண்டுகள் தொடர்ந்து படை நடத்தினர். 1492ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் நாள் கிரனாடா சரணடைந்தது. அதே ஆண்டில்தான் கொலம்பஸ் கப்பலேறினார் என்பது பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும்.

சரணடைந்த மக்களுக்கு என்ன ஆயிற்று? அதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். உங்கள் மதமும் வழக்கமும் காக்கப்படும் என்று உடன்படிக்கையில் எழுதிக் கொடுத்தார்கள். எட்டு ஆண்டுகூட அது நிலைக்கவில்லை. 1499 முதல் கட்டாய ஞானஸ்நானம் தொடங்கிற்று. 1501ஆம் ஆண்டில் ரோந்தா மலைகளில் கலகம் மூண்டு அடக்கப்பட்டது. 1502இல், மதம் மாறு அல்லது வெளியேறு என்று கட்டளை வந்தது. மாறியவர்களையும் நிம்மதியாக விடவில்லை. 1567ஆம் ஆண்டில் இரண்டாம் பிலிப் அரசர் வெளியிட்ட ஆணை, அவர்களின் உடையையும் பெயரையும் தடை செய்தது. மூன்று ஆண்டுகளுக்குள் காஸ்தீலிய மொழியைக் கற்றுக்கொள்ள வேண்டும். அதன்பின் வீட்டுக்குள்ளே கூட அரபு பேசக்கூடாது என்று அது சொன்னது. தாய் பிள்ளையிடம் பேசும் பேச்சுக்கே தடை!

மக்கள் பொங்கி எழுந்தார்கள். 1568 முடிவில் தொடங்கிய கலகம் 1571 வரை நீடித்துத் தோற்றது. கிரனாடாப் பகுதியிலிருந்து ஏறக்குறைய 80,000 பேரைப் பிடித்து, வேறு மாநிலங்களுக்குச் சிதறடித்தார்கள். கடைசியில் 1609 முதல் 1614 வரை ஸ்பெயின் முழுவதிலுமிருந்து ஏறக்குறைய 3,00,000 பேர் நாடு கடத்தப்பட்டனர். ஒன்பது நூற்றாண்டு வாழ்ந்த மண்ணை விட்டுக் கப்பலேறினார்கள். வெறுமையான ஊர்களில் வடக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் புதிய குடிகளை ஏற்றினர். ஆள் ஏறாமலே பாழாய்ப்போன ஊர்களும் உண்டு.

ஆனாலும் போனவர்களை மண் மறக்கவில்லை. பேனாவுகாஸ், பேனாமஹோமா, பேனாரபா என்று இம்மலைகளில் 'பேனா' என்று தொடங்கும் ஊர்களைப் பார்க்கலாம். 'இன்னாருடைய மக்கள்' என்று பொருள்படும் அரபுச் சொல் அது. எந்தக் குடும்பம் அந்த ஊரை முதலில் கட்டியதோ, அதன் பெயரை இன்றும் ஊர் சுமக்கிறது. வயலுக்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்காலை ஸ்பானிய மொழியில் 'அசேக்கியா' என்பார்கள், அரபுச் சொல். எண்ணெய்க்கும் பருத்திக்கும் சர்க்கரைக்கும் அவர்கள் சொல்வதெல்லாம் அரபு வழி வந்தவை. ஆரஞ்சுப் பழத்துக்கு அவர்கள் சொல்வது 'நரான்ஹா'. இந்தச் சொல் நம் நாரத்தைக்கு உறவு. ஒரு திராவிட மொழிச் சொல்லே வடமொழி, பாரசீகம், அரபு என்று ஏறி இறங்கி ஸ்பெயின் வரை போனது என்று மொழியறிஞர்கள் கருதுகிறார்கள். பேச்சைத் தடை செய்த அரசனின் நாட்டார், பழம் வாங்கும்போதெல்லாம் அந்தப் பேச்சில் ஒரு சொல்லைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

சஹாராவிலிருந்து கார் வளைந்து வளைந்து ஏறுகிறது. 'புறாக் கணவாய்' என்ற இடத்தில் பாதை உச்சியைத் தொடுகிறது. அதைத் தாண்டி இறங்கினால் கிரசலேமா. ஸ்பெயின் வறண்ட நாடு என்று படித்திருப்போம். இந்த ஊரிலோ ஆண்டுக்கு ஏறக்குறைய 2,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. நம் மலேசிய மழைக்குச் சற்றே குறைவு. அட்லாண்டிக் கடலிலிருந்து வரும் மேகம் முதலில் மோதுவது இந்த மலைமேல்தான். மழை உண்டு, புல் உண்டு, புல்லை மேயும் ஆடு உண்டு. ஆகவே கம்பளி நெசவில் பேர்பெற்றது இவ்வூர். 19ஆம் நூற்றாண்டில் யந்திரத் தறிகளின் மலிவுத் துணி வந்ததும் கைத்தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. தறி நின்றால் ஆட்கள் போகவேண்டியதுதானே? இன்று ஊரில் இருப்பவர்கள் சுமார் 2,000 பேர்.

இங்கே நின்று அந்த வெள்ளையைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிடுவோம். இந்த மலைகள் பெரும்பாலும் சுண்ணாம்புக்கல். கல்லை உடைத்துக் காளவாயில் அடுக்கி, இரவும் பகலும் விறகெரித்து ஏறக்குறைய 900 பாகை வெப்பத்தில் சுட்டால், கல்லில் அடங்கியிருக்கும் கரியமில வாயு வெளியேறிவிடும். எஞ்சுவது சுட்ட சுண்ணாம்பு. அதில் தண்ணீர் விட்டால் 'சுர்ர்' என்று கொதித்து நீறும். கண்ணில் பட்டால் பார்வை போகும். கையில் பட்டால் புண்ணாகும். நீற்றிய சுண்ணாம்பைக் கரைத்துச் சுவரில் பூசினால், அது காற்றிலுள்ள கரியமில வாயுவைத் திரும்ப வாங்கிக்கொண்டு மறுபடியும் கல்லாகிவிடும். ஆக, ஒவ்வொரு முறை வெள்ளை அடிக்கும்போதும் சுவருக்கு ஒரு மெல்லிய கல்தோல் வளர்கிறது. தலைமுறை தலைமுறையாக அடித்த பூச்சு, சுவர் மூலைகளின் கூர்மையைக்கூட உருண்டையாக்கிவிடுகிறது.

வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்பி வீட்டைக் குளிர வைக்கும். சுண்ணாம்பின் காரம் கிருமிகளைக் கொல்லும். முஸ்லிம்கள் காலத்திலேயே சுண்ணாம்புப் பூச்சு இருந்தது உண்மைதான். ஆனால் ஊர் முழுக்க வெள்ளையாக மாறியது பிற்காலத்தில். கொள்ளை நோய்ப் பயம் அதற்கு ஒரு முக்கியக் காரணம். 1800ஆம் ஆண்டில் காடிஸ் துறைமுகத்தில் மஞ்சள் காய்ச்சல் பரவி ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அந்த நோயைப் பரப்புவது கொசு என்பது நூறாண்டு கழித்தே உறுதியாயிற்று. சுண்ணாம்பு கொசுவைத் தடுக்காது. ஆனாலும் வீட்டைச் சுத்தமாக வைக்கும் பழக்கத்தை அது வளர்த்தது. நம் தோட்டங்களிலும் லயன் வீடுகளுக்குச் சுண்ணாம்பு அடித்ததைப் பெரியவர்கள் கண்டிருக்கிறார்கள். அதன் வாடையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

அந்தலூசியாவில் இந்த வேலையைப் பெரும்பாலும் செய்தவர்கள் பெண்கள். திருவிழா வருவதற்கு முன்னால், மூங்கில் போன்ற நாணற்கழியின் நுனியில் தூரிகையைக் கட்டி, கையும் முகமும் சுண்ணாம்பாகச் சுவரைத் தேய்த்தார்கள். வீட்டில் சாப்பாடு இல்லாவிட்டாலும் வாசற்சுவர் வெள்ளையாக இருக்கவேண்டும் என்பது அவர்களின் மானம். மோரோன் என்ற ஊரில் சுண்ணாம்பு சுடும் கைத்தொழிலைக் காப்பாற்றி வளர்த்த முயற்சியை, 2011ஆம் ஆண்டில் யுனெஸ்கோ தனது சிறந்த பாதுகாப்பு முயற்சிகளின் பட்டியலில் சேர்த்துச் சிறப்பித்தது.

மாலையாகிவிட்டது. மேற்கே இறங்கி, பேனாமஹோமாவைக் கடந்து, கடைசி ஊரான ஆர்கோஸுக்கு வருகிறோம். செங்குத்தான பாறை விளிம்பில் ஊர் நிற்கிறது. விளிம்பிலிருந்து கீழே பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் சமவெளி. கோதுமை, சூரியகாந்தி, ஒலிவ மரங்கள். அத்தனை நிலத்துக்கும் சொந்தக்காரர்கள் சிலர். வேலைக்காரர்கள் ஆயிரம் ஆயிரம் பேர்.

எல்லைப் போரில் உதவிய பிரபுக்களுக்கு அரசர்கள் நிலத்தை வாரிக் கொடுத்தார்கள். ஏழைகளுக்கு மிஞ்சியது ஊர்ப்பொது நிலம். அங்கே ஆடு மேய்க்கலாம், விறகு பொறுக்கலாம். 1855ஆம் ஆண்டுச் சட்டம் அதையும் ஏலத்துக்குக் கொண்டுவந்தது. பணம் உள்ளவன் வாங்கினான். மற்றவர் அன்றாடக் கூலிகளாயினர். விடியற்காலையில் ஊர்ச் சதுக்கத்தில் ஆண்கள் வரிசையாக நிற்பார்கள். தோட்டத்து மேலாள் வந்து, நீ வா, நீ வேண்டாம் என்று பொறுக்கி எடுப்பார். பொறுக்கப்படாதவன் வீட்டில் அன்று அடுப்பு எரியாது. பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடக் காத்து நின்ற குடும்பங்களுக்கு இதை விளக்கவேண்டிய தேவையில்லை. வேலை சூரியன் உதிப்பிலிருந்து மறையும்வரை. உணவு, காய்ந்த ரொட்டியைத் தண்ணீர், எண்ணெய், காடி, பூண்டு சேர்த்துக் கரைத்த 'கஸ்பாச்சோ'. நம் பழஞ்சோற்றுக்குத் தம்பி. இன்று தக்காளியும் சேர்த்து, பெரிய ஓட்டல்களில் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுக்கிறார்கள்.

1931ஆம் ஆண்டில் ஸ்பெயினில் குடியரசு பிறந்தது. வயல் வேலைக்கும் எட்டு மணி நேரம் என்று ஆணை வந்தது. 1932இல் நிலச் சீர்திருத்தச் சட்டம் நிறைவேறிற்று. ஆனால் நிலம் கைக்கு வரவில்லை. காத்திருந்து பொறுமையிழந்த காசாஸ் விஹாஸ் என்ற காடிஸ் மாநிலச் சிற்றூரின் கூலிகள், 1933 ஜனவரியில் கிளர்ந்தெழுந்து காவல் நிலையத்தை வளைத்தனர். துப்பாக்கிச் சூட்டில் காவலர் இருவர் படுகாயமுற்று இறந்தனர். அரசு படையை அனுப்பிற்று. 'ஆறுவிரலார்' என்று ஊரார் அழைத்த கரி சுடும் முதியவரின் குடிசையை உள்ளே ஆட்களோடு கொளுத்தினார்கள். பிடிபட்டவர்களையும் நிறுத்திச் சுட்டார்கள். மாண்ட ஊர்மக்கள் 20 பேருக்கும் மேல். கட்டளையிட்ட அதிகாரி 1934இல் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டார். ஆயினும் போன உயிர் திரும்பவில்லை. 1936 முதல் 1939 வரை உள்நாட்டுப் போர் நடந்தது. வென்ற பிராங்கோவின் ஆட்சி 1975 வரை நீடித்தது. நிலச் சீர்திருத்தம் மூட்டை கட்டி வைக்கப்பட்டது.

பிறகு மக்கள் என்ன செய்தார்கள்? நம் முன்னோர் செய்ததைத்தான். பெட்டியைக் கட்டினார்கள். 1960ஆம் ஆண்டில் மேற்கு ஜெர்மனியோடு ஆள் அனுப்பும் ஒப்பந்தம் ஏற்பட்டது. ஆயிரக்கணக்கானோர் ஜெர்மனிக்கும் பிரான்சுக்கும் பார்சலோனாவின் ஆலைகளுக்கும் ரயிலேறினர். ஊரில் கிழவிகள் மட்டும் மிஞ்சி, வருவார் என்று எண்ணிச் சுவருக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்த காலமும் உண்டு.

இப்போது வெளியூர்க் கார்கள் வருகின்றன. அதனால் பிழைப்பும் வருகிறது. வேடிக்கையான ஒரு செய்தி சொல்கிறோம். ரோந்தாவுக்குத் தெற்கே ஹூஸ்கார் என்று ஒரு சிற்றூர். 2011ஆம் ஆண்டில் ஸ்மர்ஃப்ஸ் என்ற கேலிச்சித்திரப் படத்தின் விளம்பரத்துக்காக, ஊர் முழுவதையும் நீல வண்ணமாக்கினார்கள். முடிந்ததும் திரும்ப வெள்ளை அடித்துத் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஊர்மக்கள் ஓட்டெடுத்தார்கள். நீலமே இருக்கட்டும் என்று முடிவாயிற்று, பயணிகள் வருகிறார்களே! அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. பயத்துக்காக மலையேறியவர்கள், நோய்க்காக வெள்ளை அடித்தவர்கள், பிழைப்புக்காக நீலம் அடிக்கிறார்கள். எல்லாக் காலத்திலும் சுவரின் நிறத்தை முடிவு செய்தது வயிற்றுப்பாடுதான்.

நேயர்களே, பயணம் முடிந்தது. நம் நாட்டிலும் பல தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயன்கள் இடிக்கப்பட்டு, வீடமைப்புத் திட்டங்களாகிவிட்டன. நமக்கு வெள்ளை ஊர் எதுவும் மிஞ்சப்போவதில்லை. பேனாமஹோமா என்ற பெயராவது அங்கே நிலைத்தது. நம் தோட்டத்துக்கு நம் பாட்டன்மார் வைத்த தமிழ்ப் பெயர் என்ன, எத்தனையாம் கட்டையில் கோயில் இருந்தது, லயத்துச் சுவருக்குச் சுண்ணாம்பு கரைத்தவர் யார் என்பதெல்லாம் எந்தப் பலகையிலும் எழுதி வைக்கப்படவில்லை. வீட்டிலுள்ள முதியவர்கள் நினைவில் மட்டுமே இருக்கின்றன. பிள்ளைகளே, இன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு தாத்தா பாட்டியின் பக்கத்தில் உட்காருங்கள். கேட்டதைத் தேதியோடு எழுதி வையுங்கள்.